கைக்கேற்ற காமிரா

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, ஆண்டுமலர்ப் படக்குழுவின் சார்பில்

'விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும்' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பணத்தைப் பற்றிச் சொன்ன இப்பழமொழி காமிராவுக்கும் பொருந்தும் என்பதை இவ்வாண்டு நாங்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்டோம். கற்றதை நம் பள்ளித் தோழியருக்கும் பெற்றோருக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற ஆண்டு மார்ச் மாதம், 38 ஆண்டுகள் நம் விடுதியைக் கண்ணெனக் காத்த சகோதரிக்குப் பிரிவுபசார விழா நடந்தது. அன்று மாலை கலையரங்கத்தில் குத்துவிளக்கின் ஒளியில் சிஸ்டர் நின்று எங்களை ஆசீர்வதித்தார்கள். விடுதிப் பிள்ளைகள் அழுதார்கள், சிஸ்டரும் அழுதார்கள். நாங்கள் கடைசி வரிசையில் நின்றுகொண்டு, இரவல் வாங்கி வந்திருந்த ஒரு சிறு காமிராவில் ஜூமை முழுதும் நீட்டி, 40 படங்கள் எடுத்தோம். மறுநாள் கணினியில் போட்டுப் பார்த்தபோது ஒரு படத்திலும் சிஸ்டரின் முகம் தெளிவாக இல்லை. சுடர் மட்டும் தெரிந்தது; அதன் பின்னால் வெள்ளையாக ஏதோ ஒன்று கலங்கி நின்றது. அந்த ஆண்டுமலரில் பிரிவுபசாரக் கட்டுரை படமின்றியே வெளியாயிற்று. அதைப் பார்த்த விடுதிப் பிள்ளைகள் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எங்களுக்கு வருத்தமாக இருந்தது.

இவ்வாண்டு தலைமையாசிரியைச் சகோதரி எங்கள் ஐவரையும் அழைத்து, "பெற்றோர் ஆசிரியர் கழகம் ஒரு தொகை தந்திருக்கிறது. பள்ளிக்கென்று ஒரு காமிரா வாங்க வேண்டும். எதை வாங்குவது என்று நீங்களே ஆராய்ந்து எழுதிக் கொடுங்கள். ஏன் என்பதையும் எழுதுங்கள்" என்றார்கள். அந்த 'ஏன்' என்ற சொல்தான் எங்களை இரண்டு மாதம் படிக்க வைத்தது.

சிறிய காமிராவின் கதை

காமிராக்களில் மூன்று வகை உண்டு. சட்டைப் பையில் அடங்கும் மலிவான சிறு காமிரா ஒன்று. லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய காமிரா மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே, உருவத்தில் தம்பியாகவும் திறமையில் அண்ணனாகவும் ஒரு வகை இருக்கிறது. கைக்கு அடக்கமானது, லென்ஸ் அதனுடனேயே பொருத்தப்பட்டது, ஆயினும் ஒளியையும் நேரத்தையும் நம் விருப்பப்படி அமைத்துக்கொள்ள இடம் தருவது. இதையே உயர்தரக் கையடக்கக் காமிரா என்கிறோம். பள்ளிக்கு ஏற்றது இதுவே என்று முடிவு செய்தோம். லென்ஸ் மாற்றும் காமிராவை ஆண்டுதோறும் புதிய மாணவியர் கையாள்வது கடினம். பெட்டியும் பையுமாகச் சுமக்கும் காமிரா, வேண்டிய வேளையில் அலமாரியில்தான் இருக்கும்.

இந்தச் 'சிறியதே நல்லது' என்ற எண்ணம் புதிதன்று. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கார் பர்நாக் என்பவருக்கு ஆஸ்துமா நோய் இருந்தது. கனமான காமிராவையும் கண்ணாடித் தகடுகளையும் மலையிலும் காட்டிலும் சுமக்க அவரால் இயலவில்லை. ஆகவே 1913-14ஆம் ஆண்டுகளில், திரைப்படத்துக்குப் பயன்படும் 35 மில்லிமீட்டர் பிலிமைக் கொண்டு ஒரு சிறு காமிராவைச் செய்தார். அதில் ஒவ்வொரு படமும் 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உடையது. 1925இல் 'லைக்கா' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. நோயுற்ற ஒருவரின் தேவைக்காகப் பிறந்த அளவு உலகத்துக்கே அளவாயிற்று. இன்றும் காமிரா விளம்பரங்களில் '24 முதல் 70 மில்லிமீட்டர்' என்று எழுதுவது பர்நாக்கின் அந்த 36 மில்லிமீட்டர் அகலத்தை வைத்துச் சொல்லும் கணக்கே. இந்த 36ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

கைபேசி போதாதா?

பெற்றோர் பலரும் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. பகல் வெளிச்சத்தில், அருகில் இருப்பவரை எடுக்க, நல்ல கைபேசி பெரும்பாலும் போதும். மங்கலான இடத்தில் கைபேசி பல படங்களை விரைவாக அடுத்தடுத்து எடுத்து, ஒன்றாகச் சேர்த்துத் தெளிவாக்குகிறது. அசையாத கட்டடத்துக்கு இம்முறை அருமையானது. நடனமாடும் பெண்ணுக்கோ ஒவ்வொரு படத்திலும் கை வேறு இடத்தில் இருக்கும். சேர்க்கும்போது விரல்கள் குழம்பிவிடும். தொலைவில் இருப்பதை எடுப்பதும் பல கைபேசிகளுக்குக் கடினம்.

எங்களுக்கு வேறொரு காரணமும் உண்டு. பள்ளிக்குக் கைபேசி கொண்டுவர நமக்கு அனுமதி இல்லை. ஆசிரியர்களின் கைபேசியில் எடுத்த படங்கள் ஆளுக்கொரு இடத்தில் சிதறிவிடுகின்றன. கைபேசி மாறினால் படமும் போய்விடுகிறது. பள்ளியின் படம் பள்ளியில் இருக்க வேண்டும் அல்லவா?

மூன்று கேள்விகள்

எந்தக் காமிராவைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒளியை வாங்கும் தட்டு எவ்வளவு பெரிது? லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது? எவ்வளவு தூரத்தை நமக்கு அருகில் கொண்டுவருகிறது?

முதலாவது, ஒளியுணரி. பிலிம் இருந்த இடத்தில் இன்று இருக்கும் மின்தட்டு இது. மழைநீர் பிடிக்க முற்றத்தில் வைக்கும் பாத்திரத்தைப் போன்றது என்று எண்ணிக்கொள்ளுங்கள். டம்ளரை வைத்தால் டம்ளர் அளவு நீர். அண்டாவை வைத்தால் அண்டா அளவு. சாதாரணச் சிறு காமிராவில் இத்தட்டு சுமார் 6.2 மில்லிமீட்டர் அகலம், 4.6 மில்லிமீட்டர் உயரம். அதாவது ஒரு துவரம்பருப்பின் அளவு. 'ஒரு அங்குல வகை' எனப்படுவது 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தளவு. ஒரு அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர் ஆயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். பழைய தொலைக்காட்சிக் காமிராக் குழாய்களை அளந்த வழக்கிலிருந்து வந்த பெயர் அது. உண்மை அளவு அன்று. இதற்கும் பெரிது 'ஏ.பி.எஸ்.சி.' என்னும் வகை. அது சுமார் 23.5க்கு 15.6 மில்லிமீட்டர், ஒரு சிறு தபால்தலை போல இருக்கும். பரப்பைப் பெருக்கிப் பாருங்கள். துவரம்பருப்பைவிட நகம் ஏறத்தாழ நான்கு மடங்கு. நகத்தைவிடத் தபால்தலை மூன்று மடங்குக்குச் சற்று மேல்.

இரண்டாவது, லென்ஸின் திறப்பு. இதை எஃப் 1.8, எஃப் 2.8, எஃப் 5.6 என்று குறிப்பர். எண் சிறிதானால் சன்னல் பெரிது என்று நினைவில் வையுங்கள். எண் இரட்டிப்பானால் ஒளி பாதியாகும் என்று நாங்களும் முதலில் எண்ணினோம். அது தவறு, கால்பங்காகும். திறப்பு ஒரு வட்டம். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று கணிதத்தில் படித்தோமே, அதுதான் இங்கே வேலை செய்கிறது. எஃப் 2.8இல் வரும் ஒளியில் நான்கில் ஒரு பங்குதான் எஃப் 5.6இல் வரும். ஜூமை நீட்ட நீட்டப் பல சிறு காமிராக்களில் இந்தச் சன்னல் தானாகவே சுருங்குகிறது. சென்ற ஆண்டு எங்களுக்கு நேர்ந்தது இதுவே. துவரம்பருப்பு அளவுத் தட்டு. முழுதும் நீட்டிய ஜூமில் எஃப் 6ஐத் தாண்டிய திறப்பு. எதிரே ஒரு குத்துவிளக்கு. படம் எப்படித் தெளியும்?

ஒளி குறைந்தால் காமிரா வேறு வழியின்றி ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். அந்த நேரத்தில் ஆள் அசைந்தால் படம் கலங்கும். இதையும் கணக்காகப் பார்ப்போம். 100 மீட்டர் ஓட்டத்தை 15 விநாடியில் ஓடும் நம் தோழி விநாடிக்கு ஏறத்தாழ 6.7 மீட்டர் கடக்கிறாள். ஷட்டர் விநாடியில் 60இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் அவள் 11 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவாள். 500இல் ஒரு பங்கு என்றால் நகர்வது 1.3 சென்டிமீட்டரே. முன்னதில் முகமே இராது. பின்னதில் நெற்றிப் பொட்டு வரை தெரிய வாய்ப்புண்டு. நாங்கள் பழகிக் கண்ட அளவில், அசையாமல் நிற்கும் குழுவுக்கு 60இல் ஒரு பங்கும், மேடை நாடகத்துக்கு 125இல் ஒரு பங்கும், ஓட்டத்துக்கு 500இல் ஒரு பங்கும் அல்லது அதற்கும் குறைவும் வேண்டும்.

மூன்றாவது, தூரம். இங்கேதான் பர்நாக்கின் 36 உதவுகிறது. நாம் நிற்கும் தூரத்தை 36ஆல் பெருக்கி, லென்ஸின் எண்ணால் வகுத்தால், படத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்பது தெரியும். 20 மீட்டர் தொலைவில் நின்று 28 மில்லிமீட்டர் லென்ஸில் பார்த்தால் ஏறத்தாழ 26 மீட்டர் அகலம் அடங்கும். அதில் ஓடும் பெண் எறும்பாகத் தெரிவாள். 70 மில்லிமீட்டரில் 10 மீட்டர். 200 மில்லிமீட்டரில் 3.6 மீட்டர், ஓடுபவள் படத்தை நிறைப்பாள்.

புள்ளிகளின் எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் 'இத்தனை மெகாபிக்சல்' என்றுதான் முதலில் சொல்கிறார்கள். நம் ஆண்டுமலரில் அரைப்பக்கப் படம் சுமார் 17 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் உயரம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று நன்றாக அச்சிட்டாலும் அதற்குத் தேவை ஏறத்தாழ 28 லட்சம் புள்ளிகளே. கையடக்கக் காமிராக்கள் 2 கோடிப் புள்ளிகளைத் தருகின்றன. ஆகவே இந்த எண்ணைக் கண்டு யாரும் மயங்க வேண்டாம்.

யாருக்கு எது?

எங்கள் ஐவருக்குள்ளேயே படம் எடுக்கும் வழக்கம் வேறுவேறு. அதைக் கொண்டே காமிராக்களை வகைப்படுத்திப் பார்த்தோம்.

எங்களில் ஒருத்தி கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, யாரும் அறியாமல் அருகில் சென்று எடுப்பவள். சத்துணவு வரிசை, மழைக்கு ஒதுங்கிய பிள்ளைகள், கிணற்றடி என்று இவளுக்கு எல்லாம் படமே. இவளுக்கு ஏற்றது 2019இல் வெளிவந்த ரிக்கோ ஜி.ஆர். மூன்று. தபால்தலை அளவுத் தட்டு. ஜூம் இல்லாத 28 மில்லிமீட்டர் லென்ஸ். எடை சுமார் 257 கிராம். தூரத்தை முன்கூட்டியே குறித்து வைத்து, பொத்தானை ஒரே அழுத்தில் அழுத்திப் படமெடுக்கும் வசதி இதில் உண்டு. ஜப்பானின் புகழ்பெற்ற தெருப் புகைப்படக் கலைஞர் டைடோ மொரியாமா ரிக்கோ ஜி.ஆர். வரிசைக் காமிராக்களையே கையில் வைத்துத் தெருத்தெருவாக நடந்தவர். ஆனால் இதில் பிளாஷ் இல்லை; தொலைவில் இருப்பதையும் எடுக்க இயலாது.

மற்றொருத்தி நிதானக்காரி. ஒரு முகத்துக்காகக் கால்மணி நேரம் காத்திருப்பாள். இவளுக்கு ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசை. முதல் காமிரா 2011இல் விற்பனைக்கு வந்தது, ஆறாவது 2024இல். 35 மில்லிமீட்டருக்குச் சமமான எஃப் 2 லென்ஸ். கண்ணை வைத்துப் பார்க்கும் சன்னல். சத்தமே எழுப்பாத ஷட்டர். ஜெபம் நடக்கும்போது எடுத்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குறையும் உண்டு. ஆறாவது காமிரா 521 கிராம் எடையுள்ளது. விலையோ லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். எங்கள் தொகைக்கு இது எட்டாக்கனி.

மூன்றாமவள் விளையாட்டு வீராங்கனை. மைதானத்தின் எல்லையில் நின்றுகொண்டே எல்லாம் வேண்டும் என்பாள். இவளுக்கு 2019இல் வந்த சோனி ஆர்.எக்ஸ்.100 ஏழாம் பதிப்பு. 24 முதல் 200 மில்லிமீட்டர் வரை நீளும். விநாடிக்கு 20 படங்கள் எடுக்கும். இத்தனையும் 302 கிராமுக்குள். 2016இல் வந்த பானசோனிக் டி.இசட்.100 இன்னும் நீண்டு 250 மில்லிமீட்டரை எட்டும். பகலில் இவை அருமையானவை. ஆயினும் நீளம் கூடியதால் திறப்பு சிறுத்தது. அரங்கினுள் இவற்றுக்கு மூச்சு வாங்கும்.

நான்காமவளுக்கு மேடையும் குழுவும். நாடகம், நடனம், பரிசளிப்பு ஆகியவற்றை எடுப்பவள். இவளுக்கு ஜூம் குறைந்தும் திறப்பு அகன்றும் இருக்க வேண்டும். 2014இல் வந்த சோனி ஆர்.எக்ஸ்.100 மூன்றாம் பதிப்பு 24 முதல் 70 மில்லிமீட்டர், எஃப் 1.8 முதல் 2.8 வரை. அதே ஆண்டு வந்த பானசோனிக் எல்.எக்ஸ்.100 அதனினும் பெரிய தட்டும் எஃப் 1.7 திறப்பும் உடையது. உருவமும் சற்றுப் பெரிது.

ஐந்தாமவள் பேசுபவள். காமிராவைத் தன்பக்கம் திருப்பிவைத்து, அறிவியல் சோதனையை விளக்கி அசையும் படம் எடுக்க ஆசை. அவளுக்கு 2019இல் வந்த கேனன் ஜி.7 எக்ஸ் மூன்றாம் பதிப்பு. அதன் திரை முன்புறம் பார்க்குமாறு மேலே திரும்பும். தனி ஒலிவாங்கியையும் இணைக்கலாம்.

ஐந்து பேர், ஐந்து காமிரா! யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வாரம் உணவு இடைவேளையில் எங்களுக்குள் பேச்சே இல்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

குறிப்பேடு தந்த விடை

அச்சமயம் எங்கள் கணித ஆசிரியை, "சண்டை எதற்கு? நீங்கள் விரும்புவதை விடுங்கள். பள்ளிக்கு எது தேவைப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்" என்றார்கள். உடனே சென்ற மூன்று ஆண்டுமலர்களை எடுத்துவைத்து, குறிப்பேட்டில் கோடு போட்டு எண்ணினோம். மொத்தம் 96 படங்கள். அவற்றுள் கலையரங்கத்தினுள் எடுத்தவை 41. குழுப் படங்கள் 33. மைதானத்துப் படங்கள் 14. கண்காட்சி, கைவேலை முதலியன 8. ஜூம் வேண்டும் என்று அத்தனை சண்டையிட்ட விளையாட்டுப் படங்கள் பதினான்கே!

பின் இடங்களை அளந்தோம். அரங்கில் நாங்கள் நிற்கக்கூடிய இடத்திலிருந்து மேடை 6 மீட்டர். அங்கிருந்து 24 மில்லிமீட்டரில் 9 மீட்டர் அகலம் அடங்கும். மேடை முழுவதும் வந்துவிடும். 70 மில்லிமீட்டரில் 3 மீட்டர். இருவர் உரையாடும் காட்சிக்குச் சரி. வகுப்புக் குழு மூன்று வரிசையில், வரிசைக்குப் பதினான்கு பேராக நின்றால் ஏறத்தாழ 6.3 மீட்டர் அகலம். 24 மில்லிமீட்டரில் நாலேகால் மீட்டர் பின்னால் நின்றால் போதும். நம் தாழ்வாரத்திலும் அந்த இடம் உண்டு.

இனி ஒளி. அகன்ற நிலையில் எஃப் 1.8க்கும் எஃப் 2.8க்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. முன்னது 125இல் ஒரு பங்கு நேரத்தில் எடுக்கும் மேடைக் காட்சியைப் பின்னது எடுக்க 50இல் ஒரு பங்கு நேரம் ஆகும். நடனத்தில் கை விநாடிக்கு 2 மீட்டர் வீசுகிறது என்று கொண்டால், முன்னதில் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கலங்கும். பின்னதில் நான்கு சென்டிமீட்டர். முத்திரை பிடித்த விரல்களுக்கு இது பெரிய வேறுபாடு.

ஆகவே நான்காமவளின் வகையே பள்ளிக்கு ஏற்றது என்று எழுதிக் கொடுத்தோம். விளையாட்டு வீராங்கனைக்கு முகம் வாடியது. அவளே மறுநாள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள்: "20 மீட்டரில் நின்று 200 மில்லிமீட்டரில் கிடைக்கும் படம், 7 மீட்டருக்கு வந்தால் 70 மில்லிமீட்டரிலேயே கிடைத்துவிடும். 13 மீட்டர் நடக்க வேண்டும், அவ்வளவுதானே! உடற்கல்வி ஆசிரியையிடம் அனுமதி வாங்கித் தாருங்கள், கோட்டருகில் நின்று எடுக்கிறேன்." அவ்வாறே வாங்கித் தந்தோம்.

நாங்கள் விசாரிக்கச் சென்ற ஒரு கடையில், நாங்கள் எதற்காக வாங்குகிறோம் என்று கேளாமலே, மிக நீண்ட ஜூம் உள்ள காமிராவை எடுத்து நீட்டினார்கள். சுவரில் தொங்கிய நாட்காட்டியின் சிறு எழுத்தும் அதில் தெரிந்தது. எங்களுக்கே ஆசை வந்துவிட்டது. குறிப்பேடு கையில் இல்லாதிருந்தால் சென்ற ஆண்டின் தவற்றையே விலை கொடுத்து வாங்கியிருப்போம்.

பழையதை வாங்கும்போது

புதியதற்குத் தொகை போதாமையால், ஒருவர் பயன்படுத்திய சோனி மூன்றாம் பதிப்பை வாங்கினோம். பழையதை வாங்குவோர் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறோம்.

லென்ஸைக் கைவிளக்கின் ஒளியில் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை, வாங்க வேண்டாம். வெள்ளைச் சுவரை எஃப் 11இல் எடுத்துப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் உள்ளே தூசி புகுந்திருக்கிறது. லென்ஸ் கழற்ற இயலாததால் அதைத் துடைக்க நம்மால் ஆகாது. ஜூமைப் பத்து முறை நீட்டி மடக்கி, கரகரவென்ற ஒலி வருகிறதா என்று கேளுங்கள். மின்கலத்துக்கு ஒரு மாற்று கட்டாயம் வாங்குங்கள். சிறு காமிராவின் மின்கலம் ஆண்டுவிழா முடியும் வரை தாங்காது.

வாங்கியபின் பேணுவதும் முக்கியம். நம் ஊர் ஈரக்காற்றில் தோலுறைக்குள் மூடி வைத்தால் பூஞ்சை விரைவில் வரும். இறுக மூடும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். சட்டைத் தலைப்பால் லென்ஸைத் துடைக்காதீர்கள். தேவாலயத்தினுள் பிளாஷையும் ஒலியையும் நிறுத்திவிடுங்கள். முக்கியமாக, அழுகிறவரையோ நோயுற்றவரையோ கேளாமல் படமெடுக்காதீர்கள். காமிரா சிறியது என்பதால் மறைத்து எடுக்கலாம் என்பது நமக்கு அழகன்று.

கருவியும் கண்ணும்

இவ்வளவு படித்தபின் ஒன்று தோன்றியது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் எனப் போற்றப்படும் ஹோமாய் வியாரவல்லா 1913இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர். அவர் பயன்படுத்திய ஸ்பீட் கிராஃபிக், ரோலிஃபிளெக்ஸ் ஆகிய காமிராக்கள் நாம் இன்று பட்டியலிட்ட எதனோடு ஒப்பிட்டாலும் கனமானவை. தாமாக எதையும் கணித்துத் தராதவை. சேலை கட்டிக்கொண்டு, அவற்றைச் சுமந்துகொண்டு, ஆண்களே நிறைந்த கூட்டத்தில் நின்று, நாடு விடுதலை பெற்ற நாட்களைப் படமாக்கினார். 2011இல் பத்ம விபூஷண் விருது பெற்றார், 2012இல் மறைந்தார். எங்கே நிற்க வேண்டும், எப்போது அழுத்த வேண்டும் என்று அவருடைய காமிரா அவருக்குச் சொல்லவில்லை. அவர்தான் அதற்குச் சொன்னார்.

சென்ற ஆகஸ்டு மாதம், தலைமையாசிரியைச் சகோதரி எங்களை ஓய்வுபெற்ற கன்னியர் தங்கும் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார்கள். நம் விடுதிச் சிஸ்டர் சன்னலோரம் நாற்காலியில் அமர்ந்து ஜெபமாலை கோத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். "இதற்கா இத்தனை நாள் வருந்தினீர்கள், பிள்ளைகளா? அன்றைக்கு நான் அழுத முகம். அது வராததே நல்லது. இப்போது எடுங்கள்" என்றார்கள்.

சன்னல் ஒளி போதுமானதாக இருந்தது. இரண்டு மீட்டர் தள்ளி நின்று, திறப்பை எஃப் 2.8இல் வைத்து, அனுமதி கேட்டு, ஒரே ஒரு படம் எடுத்தோம். இவ்வாண்டுமலரின் மூன்றாம் பக்கத்தில் அதைக் காணலாம். விரல்களுக்கிடையே உள்ள மணிகளை நீங்கள் எண்ணலாம்.

ஆனால் குத்துவிளக்கின் முன் சிஸ்டர் நின்ற அந்த மாலை இனி வராது; அதற்கு எந்தக் காமிராவும் இல்லை. ஆகவே தோழியரே, கடைக்குப் போகுமுன் ஒரு குறிப்பேட்டை எடுங்கள். யாரை, எங்கே, எந்த ஒளியில், எவ்வளவு தூரத்தில் நின்று படமெடுக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். காமிராவின் பெயரைக் கடைசி வரியில் எழுதிக்கொள்ளலாம்.